என் பெயரைக் கொடுத்தது யார்

சேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் நிரோசினிக்கு அப்பா எழுதுவது,

நீயும் மருமகனும் பேத்தி தேனுகாவும் டென்மார்க் குளிரில் நோய்நொடி அண்டாமல் இருக்க அந்தோனியாரை நாளும் மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த வீட்டில் யார் சுகம் யார் சுகமில்லை என்பதை உள்ளபடி எனக்குச் சொல்ல ஒருவரும் தயாராக இல்லாதபடியால் அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். ஃபோன் இருக்கும்போது அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோன் உன் அம்மாவின் கையில் இருக்கிறது. நீ எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார், நான் வாயைத் திறந்தால் பாதியில் அவரே பதில் சொல்லிவிடுவார். இப்போது திருஇருதய மாதம், பின்னேரம் நாலரைக்குக் கோயிலுக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் மூன்று நாளாக இருந்து இதை எழுதுகிறேன். புதன்கிழமைகளில் மோட்டார்சைக்கிளில் துணி விற்க வரும் மஹ்றூப் இதை வவுனியாவில் தபாலில் சேர்ப்பார். மெல்ரொனிடம் கொடுத்தால் உன் தம்பி முதலில் அம்மாவிடம் காட்டுவான், பிறகுதான் தபால்பெட்டியைத் தேடுவான்.

மாசி மாதம் வாடியடியில் வலை பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் பெரியாஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்ததும் உனக்குத் தெரியும். அதில் முதல் நாலு நாள் எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது எல்லாம் நினைவிருக்கிறது, அதில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. நாற்பத்தாறு வருஷமாக என் தேத்தண்ணீரில் சீனியைக் கண்டால் சண்டைக்கு வரும் உன் அம்மா இப்போது தானே இரண்டு கரண்டி போட்டுக் கலக்கித் தருகிறார். சுருட்டை எடுத்தால் முற்றத்துக்குக் கலைப்பவர் போன கிழமை நெருப்புப்பெட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நெஞ்சு வருத்தக்காரனுக்குச் சுருட்டுப் பற்றவைக்க உதவி செய்வது எந்த ஊர் வைத்தியம் என்று நீயே சொல்லு. மெல்ரொன் காலையும் மாலையும் வந்து என் காலடியில் இருக்கிறான். அவன் இருக்கத் தெரியாத பிள்ளை, வந்தால் நின்றபடியே கதைத்துவிட்டுப் போகிறவன். அவனுடைய மனிசி நிறஞ்சனா நண்டுக்கறி அனுப்புகிறாள், கலியாணம் கட்டி வந்த ஒன்பது வருஷத்தில் இவ்வளவு நண்டு இந்த வீட்டுக்கு வந்ததில்லை. கிளினிக் அட்டை அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது, திறப்பு உன் அம்மாவின் கழுத்தில் செபமாலையோடு தொங்குகிறது. டொக்டர் கதைப்பதென்றால் தம்பியை வெளியே கூப்பிட்டுக் கதைக்கிறார். ஒரு நாள் முதியோர் அட்டைக்கு வேணும் என்று சொல்லித் தம்பி என்னைச் சேட்டுப் போடவைத்துச் சுவரோடு நிறுத்திப் படம் எடுத்தான். முதியோர் அட்டை எனக்கு ஏழு வருஷத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. மரண அறிவித்தலில் போட நல்ல படம் ஒன்று வேண்டும் என்று நேரே கேட்டிருந்தால் ஒழுங்காக நின்றிருப்பேன், பொய் சொன்னதால் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு நீ இருக்கிறாய். அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் லீவு இல்லை என்று தையில் சொன்ன பிள்ளை, சித்திரையில் திடீரென்று ஆடி மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்கிறாய். ஏனென்று கேட்டால் லீவு கிடைத்தது அப்பா என்கிறாய். யாருக்கு வந்த இரக்கத்தில் அந்த லீவு கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, அம்மா பக்கத்தில் இருந்தார்.

இதற்கிடையில் தேனுகாவின் முதல் நன்மையை, அதுதான் முதல் நற்கருணையை, பிந்திப்போட வேண்டாம். அங்கே தமிழ்ப் பூசை மாதத்துக்கு ஒருமுறைதான், தூரம், குளிர் என்று சொன்னாய். எல்லாம் சரி, ஆனாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை கண்ட மனிசன் புத்தி சொல்ல வந்துவிட்டார் என்று நீ நினைப்பாய், நினைக்கத்தான் வேண்டும். பதினாறு வருஷமாக நான் நன்மை வாங்கவில்லை, சுவாமியிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. மூட்டு வலி, முழங்கால் மடிக்க ஏலாது என்று உங்களுக்கெல்லாம் சொல்லிவைத்தேன். மூட்டு வலி உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

வைகாசி மாதத்து முதல் வெள்ளி நடந்ததைக் கேள். முதல் வெள்ளிகளில் பங்குச் சுவாமி வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு நன்மை கொடுப்பார் என்பது உனக்குத் தெரியும். நான் படுக்கையில் கிடக்கவில்லை, எழும்பி நடக்கிறேன், கடற்கரை வரைக்கும் போய் வருகிறேன். அன்று காலையில் குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போனால் விறாந்தை மேசையில் உன் அம்மா வெள்ளைத்துணி விரித்துச் சுரூபம் வைத்து இரண்டு மெழுகுதிரி நட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் பஞ்சு. நன்மைக்குப் பஞ்சு எதற்கு? பஞ்சு, நோயாளிக்குப் பூசும் எண்ணெயைத் துடைக்க. இந்தக் காலத்தில் அதற்கு நோயில் பூசுதல் என்று மெதுவான பெயர் வைத்திருக்கிறார்கள், சுகம் கிடைக்கவும் பூசலாம் என்று பிரசங்கமும் வைக்கிறார்கள். எங்கள் காலத்தில் அது சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதல். உன் அப்பப்பா சூசைப்பிள்ளைக்குக் காலை பத்து மணிக்குப் பூசினார்கள், பின்னேரம் மூன்று மணிக்கு உயிர் பிரியும் நேரம் என்று கையில் மெழுகுதிரி பிடிக்கவைத்தார்கள். பூசினவர்களில் எழும்பி வள்ளம் தள்ளின ஒருவரையும் நான் கண்டதில்லை. அம்மாவிடம் யார் வருகினம் என்று கேட்டேன். சுவாமி சும்மா உங்களைப் பார்க்க வாறார் என்றார். நோயாளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்குதாம் என்று பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். நான் கொடுக்காத பெயர் எப்படிப் பட்டியலுக்குப் போனது? அந்த நேரம் ஒழுங்கையில் சுவாமியின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. நான் குசினிக் கதவால் இறங்கி வேலிப் பொட்டால் புகுந்து றோட்டுக்குப் போய் ஒட்டுசுட்டான் பஸ்சில் ஏறிவிட்டேன். எழுபத்தைந்து வயதில், சாறத்தோடு, செருப்பில்லாமல். சிரிக்காதே.

ஒட்டுசுட்டானில் எனக்கு நடராசாவைத் தவிர யார்? அரிசி மூட்டை அனுப்பும் அந்த மாமாவை நீ மறந்திருக்க மாட்டாய். நான் போனபோது முற்றத்தில் சிதறிக் கிடந்த விறகுக் கட்டைகளை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். முதல் நாள் இரவு யானை வந்து வாழையையும் முறித்து அடுக்கையும் தள்ளிவிட்டதாம். இந்த வயதில் விறகு அடுக்க வேறு ஆள் இல்லையோ என்று கேட்டேன். இது சமையல் விறகு இல்லை, தன்னை எரிக்கப் பார்த்துப் பார்த்துத் தறித்து வைத்தது, மழைக்காலத்தில் செத்தால் பிள்ளைகள் ஈர விறகோடு மாரடிக்கக் கூடாது என்று தறப்பாள் போட்டு மூடி வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் மனைவி சிவலட்சுமி அந்த அடுக்கின்மேல்தான் மிளகாய் காயப்போடுகிறார். நான் ஓடி வந்த கதையைச் சொன்னேன். நடராசா சிரிக்கவில்லை. கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "லோறன்ஸ், நீ எண்ணெய்க்குப் பயந்து ஓடி வரேல்லை. அம்மாவுக்குக் கிடைக்காதது எனக்கும் வேண்டாமெண்டுதான் ஓடி வந்தனீ."

கடைசிச் சண்டை நேரம் உனக்குக் கொழும்பில் படிப்பு, நீ அந்த மாதங்களில் எங்களோடு இல்லை. முள்ளிவாய்க்காலில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உன் அப்பம்மா மதலேனம்மா மூன்று நாள் காய்ச்சலில் மணலில் கிடந்தார் என்று மட்டும் உனக்குச் சொன்னேன். அந்த மூன்று நாளும் அவர் தண்ணீர் கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை, சுவாமி வந்திட்டாரோ என்று மட்டும் கேட்டார். நான் இரண்டு தரம் தேடிப் போனேன், போக முடியாமல் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் விடியக் கேட்கவில்லை. பக்கத்துத் தறப்பாளில் இருந்த முன்பின் தெரியாத மனிசன் ஒருவர் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து என்னோடு சேர்ந்து மணலைத் தோண்டினார், அவர்தான் நடராசா. பாயில் சுற்றி வைத்தோம். மந்திரம் சொல்ல வாய் வரவில்லை. எண்ணெய் இல்லை, மெழுகுதிரி இல்லை, இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க ஓர் அடையாளமும் இல்லை. எண்பத்தொரு வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் போன மனிசிக்கு உம்மால் வர முடியவில்லை என்றால் எனக்கும் நீர் வர வேண்டாம் என்று அன்று அவரிடம் சொன்னேன். அவரிடம் என்றால் ஆண்டவரிடம்தான். அதுதான் பிள்ளை மூட்டு வலி. உன் அம்மாவுக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஆண்டவர் எது கொடுத்தாலும் இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தேன். நீ கரை சேர்ந்தாய், தம்பிக்கு வள்ளம் கிடைத்தது, எனக்கு நன்றி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

பின்னேரம் மெல்ரொன் மோட்டார்சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிப்போனான். ஒரு சொல் ஏசவில்லை. முன்பென்றால் ஒட்டுசுட்டானில் தொடங்கிய ஏச்சு வீட்டுப் படலை வரைக்கும் வந்திருக்கும், அதையும் நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து விசாரணையைத் தொடங்கினேன். உன் அம்மா தாயின்மேல் சத்தியம் பண்ணினார், பெயர் கொடுக்கவில்லை என்று. மெல்ரொன் நான் இல்லை அப்பா என்றான். நிறஞ்சனா கேட்கும் முன்பே அழுதாள், அவளை விட்டுவிட்டேன். மிச்சம் நீதான். டென்மார்க்கிலிருந்து சுவாமிக்கு ஃபோன் அடித்துப் பெயரைச் சொல்லும் அளவுக்கு உனக்குத் துணிவு இருக்கிறது. உன்மேல் எனக்கு இரண்டு கிழமை கோபம். நீ ஃபோன் எடுத்தபோது நித்திரை என்று சொல்லவைத்தேன், அது நித்திரை இல்லை. கடைசியில் நானே சுவாமியிடம் போனேன். அவர் மன்னார்ப் பிள்ளை, வயது முப்பதும் இராது. பட்டியல் கோயிலில் எழுதினதில்லை ஐயா, பெரியாஸ்பத்திரிக்கு வாறபோற கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் அனுப்பினது என்றார்.

அடுத்த கிளினிக் நாளில் தம்பி இலக்கம் எடுக்கப் போன நேரம் பார்த்து அந்த சிஸ்டரைத் தேடிப் பிடித்தேன். பெயர் தயாளினி. கிழமைக்கு ஒரு நாள் வாட்டு வாட்டாகப் போய் வேதக்காரர்களின் பெயரையும் பங்கையும் ஒரு கொப்பியில் எழுதி அந்தந்தச் சுவாமிமாருக்கு அனுப்புவது அவருடைய வேலை. என் பெயரை யார் சொன்னது என்று கேட்டேன், கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். அவர் கொப்பியைத் திறந்து மாசி மாதப் பக்கத்தை எடுத்து என் மடியில் வைத்தார். அதில் இருந்தது என் எழுத்து. கோணிக் குலைந்து ஒற்றைக்கு வெளியே ஓடியிருந்தது, ஆனாலும் என்னுடையது. யாரோ என்னைப்போல எழுதிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தரம் பார்த்தேன். சூ. லோறன்ஸ் என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி, மதலேனம்மா என்று. சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "நான் எழுதிறன் ஐயா எண்டன், நீங்கள் பேனையைப் பறிச்சு எழுதினீங்கள். ரெண்டாவது ஆள் எந்த வாட்டில எண்டு கேட்டன். வெளியில மணலில படுத்திருக்கிறா, முதல்ல அவவுக்குப் பூசச் சொல்லுங்கோ, எனக்குப் பிறகு பாக்கலாம் எண்டு சொன்னீங்கள்."

பிள்ளை, எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாங்கில், அத்தனை சனத்துக்கு நடுவில், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். வீட்டில் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்து விசாரித்தேனே, குற்றவாளி நான்தான். ஆண்டவரோடு கதை இல்லை என்று பதினாறு வருஷம் வீம்பு பிடித்துவிட்டு, புத்தி மங்கிக் கிடந்த நேரத்தில் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அதிலும் சந்தேகம் இல்லாமல் கூப்பிட்டிருக்கிறேன், வருவார் என்று நினைத்துத்தானே ஆள் சொல்லி அனுப்பினேன். நினைவோடு இருக்கும் லோறன்ஸை விட நினைவில்லாத லோறன்ஸ் நல்ல மனிசன்போல. தம்பி வந்து என்ன அப்பா என்று பதறினான், கண்ணில் தூசி என்றேன். அவன் நம்பவில்லை. இந்தக் குடும்பத்தில் ஒருவரும் ஒருவரையும் நம்புவதில்லை.

இந்த மாதத்து முதல் வெள்ளிக்குப் பஞ்சுத் தட்டை நானே எடுத்து வைத்தேன். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, நான் திரும்ப எங்கேயோ ஓடப் போகிறேன் என்று நினைத்துக் குசினிக் கதவைப் பூட்டிவிட்டார். சுவாமி வந்தார். முதலில் என் அம்மாவுக்குப் பூசுங்கள், பிறகுதான் நான் என்று கேட்டேன், நினைவோடேயே கேட்டேன். அவர் சட்டம் சொல்லித் தட்டிக்கழிப்பார் என்று பார்த்திருந்தேன். மூச்சுள்ளவர்களுக்குத்தான் ஐயா எண்ணெய், உங்கட அம்மா சுகப்பட்டுப் போயிட்டா, சுகமில்லாத ஆள் நீங்கள்தான் என்றார். பிறகு பாவசங்கீர்த்தனம். பதினாறு வருஷக் கதை, உன் அம்மா வெளியில் இரண்டு தரம் தேத்தண்ணீர் ஊற்றி இரண்டு தரமும் ஆறிவிட்டது. அவ்வளவு நேரம் இந்த மனிசன் என்னதான் செய்திருப்பார் என்று அவருக்கு இப்போது என்மேல் சந்தேகம். நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசினார், குளிர்ச்சியாக இருந்தது. மன்றாட்டில் என் பெயரோடு மதலேனம்மாவின் பெயரையும் சேர்த்து வாசித்தார், கேட்காமலே வாசித்தார். அன்று நான் சாவேன் என்று மூன்று மணி வரைக்கும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குப் பசித்தது. இரவு நீத்துப்பெட்டிப் பிட்டில் பாதியைச் சாப்பிட்டேன். பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். விடிய எழும்பும்போது இன்னும் பயம்தான். ஆனால் தனியாகப் பயப்படவில்லை. ஆண்டவர் பிந்தித்தான் வந்தார், அதற்காகப் படலையில் வைத்துத் திருப்பி அனுப்புவதா? உள்ளே வரட்டும், வந்த பிறகு அம்மாவின் கதையை நான் நேரே கேட்டுக்கொள்கிறேன்.

இனி உன் டிக்கெட் விஷயம். போன புதன் மஹ்றூப் வந்தபோது துணி மூட்டையை அவிழ்க்கவே இல்லை. கதிரையில் உட்கார்ந்து, "அண்ணை, இவ்வளவு கால பழக்கத்தில நான் ஏதும் பிழை விட்டிருந்தா மனசில வைக்காம மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். ஒருவரை இனிக் காண்போமோ இல்லையோ என்ற இடத்தில் முஸ்லிம் ஆக்கள் அப்படிக் கேட்டுக்கொள்வார்கள். ஹஜ்ஜுக்குப் போகும்போதும் கேட்பார்கள், ஆனால் இப்போது அவர் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்து வவுனியா வரைக்கும் போய்விட்டது, எனக்குத்தான் கடைசி. ஒரு முறை ஈரக் கருவாட்டை உமக்கு விற்றேன், அதை நீரும் மன்னியும் என்று நானும் கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதோடு விசாரணையை மூடிவிட்டேன். டொக்டர் எத்தனை மாதம் சொன்னார் என்று உன்னிடம் கேட்கவில்லை, நீயும் எழுத வேண்டாம். எனக்குத் தெரியும் என்பது உன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. என்னிடம் மறைக்க அவருக்கு இருப்பது அந்த ஒன்றுதான், அதைக் காப்பாற்றுகிற வேலையில்தான் காலையில் எழும்புகிறார், சீனி போடுகிறார், திறப்பைக் கழுத்தில் தொங்கவிடுகிறார். அதையும் எடுத்துவிட்டால் இருந்து அழுவதைத் தவிர அவருக்கு வேலை இருக்காது. நான் போகும் வரைக்கும் அவர் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கட்டும், நான் ஏமாந்துகொண்டிருக்கிறேன். உன்மேல் கோபப்பட்டதற்கு மன்னித்துக்கொள்.

இருந்த இடத்திலிருந்தே உன் நெற்றியிலும் மருமகன் நெற்றியிலும் தேனுகாவின் நெற்றியிலும் சிலுவை அடையாளம் போடுகிறேன். தேவமாதா உங்களைக் கைவிடமாட்டா. சகோதரம் இரண்டு பேரும் என்னத்துக்காகவும் கதைக்காமல் இருக்க வேண்டாம், அம்மாவைத் தனியே விட வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஆடியில் நீ கட்டுநாயக்காவில் இறங்கினால் தம்பி வானோடு நிற்பான், பாதி வழிக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். அழுவதென்றால் ஓமந்தை வருவதற்குள் அழுது முடி. அங்கே ஒரு தேத்தண்ணீர்க் கடையில் வானை நிற்பாட்டி முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு வா. படலையடியில் நான் நிற்பேன். லீவு கிடைத்தது அப்பா என்று சொல்லு, நல்லது பிள்ளை என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
சூ. லோறன்ஸ்